எல்லாம் நார்மல்தான்

2011 ஆகஸ்ட் மாத இறுதி. நியூயார்க்கில் யு.எஸ். ஓப்பன் டென்னிஸ் நடந்துகொண்டிருந்தது. முதல் சுற்றை நேர் செட்களில் வென்றிருந்த வீனஸ் வில்லியம்ஸ், இரண்டாம் சுற்று ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்பு போட்டியிலிருந்து விலகினார். அதுவரை ஐந்து முறை விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்றவர் அவர். விலகியதற்கான காரணத்தை அறிக்கையில் சொன்னார்: ஷோகிரன் நோய். உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் சொந்த உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் கண்ணீர்ச் சுரப்பிகளையும் தாக்கும் நோய் இது. ஸ்வீடனைச் சேர்ந்த கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன் 1933-இல் தன் ஆய்வேட்டில் இதை விரிவாக எழுதியதால் அவர் பெயரே நின்றுவிட்டது. வாய் உலரும், கண் உலரும், மூட்டு வலிக்கும். ஆனால் நோயாளிகள் பலரை இவை எல்லாவற்றையும்விட அதிகமாக வாட்டுவது அசதிதான்.

வீனஸுக்கு அந்த அசதி 2011-இல் புதிதாக வந்ததல்ல. பல ஆண்டுகளாக இருந்திருக்கிறது. இடையில், உடற்பயிற்சியால் தூண்டப்படும் ஆஸ்துமா என்று சொல்லப்பட்டு, அதற்கான மருந்துகளும் எடுத்திருக்கிறார். பலன் இல்லை. அதே காலத்தில்தான் விம்பிள்டன் கோப்பையையும் தூக்கினார். சிக்கலே இங்கேதான் இருக்கிறது. விம்பிள்டன் ஜெயித்த பெண் "எனக்கு உடம்பு முடியவில்லை" என்றால் யார் நம்புவார்கள்?

நன்றாக ஓடியாடுகிற உடம்புக்குக் கையிருப்பு அதிகம். அதில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டாலும் மிச்சமிருப்பது பக்கத்து வீட்டுக்காரரிடம் இருப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கும். மருத்துவர் அவரை ஊரோடு ஒப்பிடுகிறார். அவரோ தன்னைப் போன வருடத்துத் தன்னோடு ஒப்பிடுகிறார். இரண்டு பேரும் சொல்வது சரிதான். ஆனால் நோயைக் கண்டுபிடிக்க உதவுவது இரண்டாவது ஒப்பீடு. இந்த அத்தியாயம் முழுக்க அந்தப் பக்கம்தான் நிற்கப்போகிறது.

சுறுசுறுப்பானவர்கள் என்றதும் அதிகாலை 5 மணிக்குக் கடற்கரைச் சாலையில் ஓடுகிறவர்களும் ஜிம்மில் எடை தூக்குகிறவர்களும் நினைவுக்கு வருகிறார்கள். செங்கல் சுமக்கும் சித்தாள் பெண் ஒரு நாளில் செலவழிக்கும் ஆற்றல் இவர்கள் பலரைவிட அதிகம். அவருடைய கையில் ஸ்மார்ட் வாட்ச் இல்லை என்பதால் அவரை நாம் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. கீழே வருவதில் பெரும்பகுதி அவருக்கும் பொருந்தும். சொல்லப்போனால் கூடுதலாகவே பொருந்தும்.

முதல் கேள்வி

"டயர்டா இருக்கு டாக்டர்" என்று ஒருவர் உட்காரும்போது அவர் நான்கு வெவ்வேறு விஷயங்களில் ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். ஒருவருக்குப் பகலில் கண் சொக்குகிறது. பஸ்ஸில் உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறார். இன்னொருவருக்குத் தூக்கம் வரவில்லை, ஆனால் முன்பு பேசிக்கொண்டே ஏறிய மாடிப்படியில் இப்போது மூச்சு வாங்குகிறது. மூன்றாமவருக்குத் தசையே சொன்னபடி கேட்பதில்லை. கையைத் தலைக்கு மேல் தூக்கித் தலை வாருவது சிரமம். நான்காமவருக்கு எல்லாம் செய்ய முடிகிறது, ஆனால் அதே வேலை முன்பைவிட இரண்டு மடங்கு கனமாகத் தெரிகிறது.

முதலாவது தூக்கத்தைப் பற்றிய புகார். இரண்டாவது ரத்தம், நுரையீரல், இதயத்தைத் தேடச் சொல்கிறது. மூன்றாவது தசை, நரம்பு, தைராய்டு. நான்காவது பரந்த வெளி. இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி அங்கேதான். இந்தப் பிரிவினைக்கு ஒரு பைசா செலவில்லை. ஐந்து நிமிடப் பேச்சு போதும். ஆனால் நடப்பது என்ன? நோயாளி வாயைத் திறக்கும் முன்பே "ஃபுல் பாடி செக்கப்" ரிப்போர்ட் மேசைக்கு வந்துவிடுகிறது.

அந்தப் பெரிய ரிப்போர்ட்டைப் பற்றி ஒரு கணக்கு. பெரும்பாலான பரிசோதனைகளில் "நார்மல்" எல்லை என்பது ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் விழும் இடைவெளி. அதாவது, எந்தக் குறையும் இல்லாத 100 பேரில் 5 பேர் எல்லைக்கு வெளியேதான் இருப்பார்கள். ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகளை ஒரே நேரத்தில் செய்தால், முழு ஆரோக்கியமான ஒருவருக்கே ஏதாவது ஒன்றாவது தடித்த எழுத்தில் வருவதற்கான வாய்ப்பு சுமார் 64 சதவீதம். அந்தத் தடித்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நம்மிடையே நிறைய. அதே தாளில், உண்மையான காரணம் சாதாரண எழுத்தில், எல்லைக்குள் அமைதியாக உட்கார்ந்திருக்கவும் கூடும். அதற்கு நல்ல உதாரணம் இரும்புச்சத்து.

குடோன் காலி

30 வயதுப் பெண் ஒருவருடைய ரிப்போர்ட் என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் ஐந்து நாள் ஓடுகிறார். ஹீமோகுளோபின் 12.3. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை, எனவே நார்மல். சிவப்பணுக்களின் அளவும் நார்மல். நான்கு வரி தள்ளி ஃபெரிட்டின்: 14. பக்கத்தில் லேபின் எல்லை 10 முதல் 150 வரை என்று அச்சாகியிருக்கிறது. ஆக அதுவும் நார்மல். "ஒன்றுமில்லை, ரெஸ்ட் எடுங்கள்" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

ஹீமோகுளோபின் என்பது கடையின் முன் அலமாரியில் அடுக்கியிருக்கும் சரக்கு. ஃபெரிட்டின், பின்னால் குடோனில் இருக்கும் இருப்பைக் காட்டும் எண். குடோன் காலியான பிறகும் அலமாரி சில காலம் நிறைந்தே தெரியும். உடல் இரும்பை முதலில் ரத்தத்துக்குத்தான் ஒதுக்கும். ஆனால் இரும்பின் வேலை ஆக்சிஜனைச் சுமப்பதோடு முடிவதில்லை. தசைக்குள் ஆக்சிஜனை வாங்கிவைக்கும் மயோகுளோபினுக்கும், செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் நொதிகளுக்கும் இரும்பு வேண்டும். ரத்தசோகை வருவதற்கு முன்பே அசதி வருவதற்கு இது ஒரு விளக்கம்.

விளக்கம் மட்டும் போதாது, சோதித்துப் பார்க்க வேண்டும் அல்லவா? பார்த்திருக்கிறார்கள். 2003-இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள், ரத்தசோகை இல்லாத, ஆனால் காரணம் தெரியாத அசதியுள்ள 144 பெண்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குத் தினம் 80 மி.கி. இரும்பு, மற்றதற்கு அதே போன்ற வெற்று மாத்திரை. நான்கு வாரம் கழித்து இரும்பு எடுத்தவர்களின் அசதி மதிப்பெண் 29 சதவீதம் குறைந்திருந்தது. வெற்று மாத்திரைக்காரர்களுக்கு 13 சதவீதம். பலன் பெற்றவர்கள் ஃபெரிட்டின் 50 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்கள். 2012-இல் பிரான்ஸில் 198 பெண்களிடம், 12 வாரம், ஃபெரிட்டின் 50-க்குக் கீழே என்ற நிபந்தனையோடு மறுபடியும் செய்தார்கள்: 47.7 சதவீதம், எதிரே 28.8 சதவீதம்.

இரண்டாவது எண்ணையும் மறக்காதீர்கள். வெறும் மாத்திரையிலேயே கிட்டத்தட்ட 29 சதவீதம் அசதி போயிருக்கிறது. அசதி தானாகவும் குறையும். யாரோ நம்மைக் கவனிக்கிறார்கள் என்றாலும் குறையும். "இந்த டானிக் குடித்தேன், பத்து நாளில் தெளிந்துவிட்டேன்" என்ற சாட்சியங்களை நான் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இதுவே காரணம். சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. டானிக்தான் காரணம் என்பதற்கு ஆதாரமில்லை, அவ்வளவுதான்.

ஓடுகிறவர்களுக்கு ஏன் இரும்பு குறைகிறது? 1881-இல் ஃப்ளைஷர் என்ற ஜெர்மன் மருத்துவர், நீண்ட அணிநடைக்குப் பிறகு கறுத்த சிறுநீர் போன ஒரு ராணுவ வீரரைப் பற்றி எழுதினார். பாதம் தரையில் மோதும்போது உள்ளங்காலின் நுண்குழாய்களில் சிவப்பணுக்கள் நசுங்கி உடைகின்றன. ஓட்டக்காரர்களிடமும் இது சிறிய அளவில் நடக்கிறது. வியர்வையில் கொஞ்சம் போகிறது. நீண்ட ஓட்டத்தின்போது குடலுக்கு ரத்த ஓட்டம் குறைந்து நுண்ணிய கசிவு ஏற்படுகிறது. மூட்டு வலிக்காக டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் விழுங்குகிறவர்களுக்கு அது கூடும். பெண்களுக்கு மாதவிடாய் இழப்பு. இவை எல்லாம் செலவுப் பக்கம்.

வரவுப் பக்கத்தில் இருப்பது கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற சின்ன ஹார்மோன். 2000-த்தை ஒட்டித்தான் இது கண்டுபிடிக்கப்பட்டது. குடல் செல்லிலிருந்து ரத்தத்துக்கு இரும்பு போகும் கதவை இது மூடிவிடும். தொற்று வந்தால் கிருமிக்கு இரும்பு கிடைக்காமல் செய்ய உடல் வைத்திருக்கும் உத்தி இது. கடுமையான உடற்பயிற்சி உடலில் ஏற்படுத்தும் தற்காலிக அழற்சியும் இதே பொத்தானை அழுத்துகிறது: பயிற்சி முடிந்து 3 முதல் 6 மணி நேரத்தில் ஹெப்சிடின் உச்சத்துக்குப் போகிறது. காலையில் 15 கிலோமீட்டர் ஓடிவிட்டு, 11 மணிக்கு இரும்பு மாத்திரை போடுகிறவர், கதவு மூடியிருக்கும்போது போய்த் தட்டுகிறார். அதிகாலையிலேயே எடுத்துவிடுவது அல்லது ஓடி முடித்த அரை மணிக்குள் எடுப்பது மேல்.

மாத்திரையும் ஹெப்சிடினை ஏற்றும். ஸூரிக்கில் நடந்த ஆய்வுகளில், இருப்பு குறைந்த பெண்களுக்குத் தினமும் கொடுப்பதைவிட ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தபோது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உறிஞ்சப்பட்ட பங்கு அதிகமாக இருந்தது. வயிற்றெரிச்சலும் மலச்சிக்கலும் தாங்காமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களுக்கு இது நல்ல செய்தி. இன்னொன்று, நம் வீட்டுப் பழக்கம்: சாப்பிட்ட கையோடு டீ. தேயிலையில் உள்ள பாலிஃபீனால்கள் காய்கறி, தானியங்களின் இரும்பைப் பிடித்துக்கொண்டு விடாது. டீயை ஒரு மணி நேரம் தள்ளிவைத்து, சாப்பாட்டோடு நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சையோ சேர்த்தால் அதே கீரையிலிருந்து கூடுதல் இரும்பு கிடைக்கும்.

ஃபெரிட்டினை எப்படிப் படிப்பது? பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே போனால் இருப்பு தீர்ந்தது என்கிறது உலக சுகாதார நிறுவனம். விளையாட்டு மருத்துவர்கள் பலர் 30 அல்லது 35-ஐயே எச்சரிக்கைக் கோடாக வைக்கிறார்கள். ஒரு பொறி உண்டு: காய்ச்சல், அழற்சி, கடும் பயிற்சிக்கு மறுநாள் ஆகியவற்றில் ஃபெரிட்டின் பொய்யாக உயரும். எனவே சளி, காய்ச்சல் இல்லாத சமயத்தில், ஒரு நாள் ஓய்வெடுத்துவிட்டு ரத்தம் கொடுப்பது நல்லது.

எதிர்ப்பக்கத்துப் பொறியும் உண்டு. நெடுந்தூரப் பயிற்சியில் ரத்தத்தின் நீர்ப்பகுதி 10 முதல் 20 சதவீதம் வரை கூடும். சிவப்பணுக்கள் குறையாமலேயே கரைசல் நீர்த்து, ஹீமோகுளோபின் எண் இறங்கித் தெரியும். இது நோயல்ல, பயிற்சியின் லாபம். இன்னும் சிலருக்குச் சிவப்பணுக்கள் சிறிதாக இருப்பது தலசீமியா மரபணுவால்; அவர்களுக்கு இரும்பைக் கொட்டுவதால் ஒரு நன்மையும் இல்லை. ஆகவே, ஃபெரிட்டின் பார்க்காமல் மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை சாப்பிடுவது புத்திசாலித்தனம் இல்லை.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. அலமாரியே காலியானவர்களின் கணக்கு இது. குடோன் மட்டும் காலியானவர்கள் இதில் வரவே மாட்டார்கள்.

சாப்பிட்டது எங்கே போனது?

இரும்புக்கு அடுத்து, என் பார்வையில் அதிகம் தவறவிடப்படும் காரணம் வெறும் சாப்பாட்டுக் குறைவு. பட்டினி அல்ல, மூன்று வேளையும் சாப்பிடுகிறவர்களிடமே இது இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 55 கிலோ எடையுள்ள பெண். உடலில் கொழுப்பு நீங்கலான எடை 42 கிலோ. காலையில் 10 கிலோமீட்டர் ஓடுகிறார். ஓட்டத்துக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோகலோரி என்பது நல்ல தோராயம்; ஆக 550. நாள் முழுக்க அவர் சாப்பிடுவது 1,700. உடற்பயிற்சிக்குப் போனது போக மிச்சம் 1,150. இதயம், மூளை, கல்லீரல், எலும்பு, ஹார்மோன்கள், காயம் ஆற்றுவது, உடல்சூடு எல்லாம் இந்த மிச்சத்தில்தான் நடக்க வேண்டும். 1,150-ஐ 42-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 27.

அமெரிக்க உடலியலாளர் ஆன் லௌக்ஸ் இந்த வகுத்தலைத்தான் ஆய்வுக்கூடத்தில் சோதித்தார். 2003-இல் வெளியான ஆய்வில் 29 இளம்பெண்களுக்கு ஐந்து நாட்கள் மட்டும் மிச்ச ஆற்றலை வெவ்வேறு அளவுகளில் கட்டுப்படுத்தினார். 45 இருந்தால் உடல் நிறைவாக இயங்குகிறது. 30-க்குக் கீழே இறங்கியதும், சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனின் துடிப்பு குலைகிறது. ஐந்தே நாளில். 30 என்பது எல்லாருக்கும் ஒரே இடத்தில் வரும் கறாரான கோடு அல்ல என்பது பிறகு தெரியவந்தது. ஆனால் திசை மாறவில்லை. காசு குறையும்போது உடல் எந்தெந்தச் செலவைத் தள்ளிப்போடலாம் என்று முடிவெடுக்கிறது. இனப்பெருக்கம் முதலில் தள்ளிப்போகிறது, எலும்பு வளர்ப்பு அடுத்து. தைராய்டு ஹார்மோனின் செயல்வடிவமான டி3 இறங்குகிறது, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். நார்மலாகவே இருக்கும். அந்தப் பெண்ணுக்குக் குளிர்கிறது, முடி கொட்டுகிறது, எரிச்சல் வருகிறது, ஓடும் வேகம் குறைகிறது. எடை குறைவதும் நின்றுவிடலாம், ஏனென்றால் உடல் செலவைச் சுருக்கிவிட்டது. எடை குறையவில்லையே என்று அவர் இன்னும் ஒரு சப்பாத்தியைக் குறைக்கிறார்.

1990-களில் இதைப் பெண் விளையாட்டு வீரர்களின் முக்கூட்டுச் சிக்கல் என்றார்கள்: உணவுக் கோளாறு, மாதவிடாய் நிற்பது, எலும்பு மெலிவது. 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் குழு, இது பெண்களோடு நிற்பதில்லை, மூன்று அறிகுறிகளோடும் நிற்பதில்லை என்று சொல்லிப் பெயரையும் வரையறையையும் விரித்தது. 2023-இல் மேலும் திருத்தியது. ஆண்களுக்கு மாதவிடாய் என்ற எச்சரிக்கை மணி இல்லை. டெஸ்டோஸ்டிரோன் குறைவதும், காலை விறைப்பு மறைவதும், அடிக்கடி சளி பிடிப்பதும், எலும்பில் கீறல் விழுவதும்தான் அவர்களுக்கு அடையாளம். இவற்றை நம்மூரில் எந்த ஆணும் தானாக டாக்டரிடம் சொல்வதில்லை. மருத்துவர்தான் கேட்க வேண்டும்.

"ட்ரெயினிங் பண்ணினா பீரியட்ஸ் நிக்கறது சகஜம்" என்று சொல்லும் பயிற்சியாளர் கிடைத்தால், பயிற்சியாளரை மாற்றுங்கள்.

அளவுக்கு மீறிய பயிற்சி நோய் என்று ஒன்று இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. 2013-இல் ஐரோப்பிய, அமெரிக்க விளையாட்டு அறிவியல் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட கூட்டறிக்கை அதைப் படிப்படியாகப் பிரிக்கிறது: சில நாள் ஓய்வில் தேறி, முன்பைவிட வேகம் கூடுவது ஒரு நிலை; வாரக்கணக்கில் தேறாதது அடுத்தது; மாதக்கணக்கில் தேறாதது கடைசி. ஆனால் கடைசி நிலையை உறுதிசெய்ய ஒரு ரத்தப் பரிசோதனையும் இல்லை. மற்ற எல்லாக் காரணங்களையும் தள்ளிய பிறகே அந்தப் பெயரை வைக்க வேண்டும் என்கிறது அதே அறிக்கை. 2021-இல் வெளியான ஒரு மறுஆய்வு இன்னும் ஒரு படி போய், அதிகப் பயிற்சி என்று எழுதப்பட்ட பல ஆய்வுகளில் சாப்பாடு, குறிப்பாக மாவுச்சத்து, போதாமல் இருந்ததற்கான அறிகுறிகள் உள்ளன என்று காட்டியது. எனக்கு இந்த வாதம் ஏற்புடையதாகவே படுகிறது. "அதிகமாக ஓடிவிட்டேன்" என்பதில் ஒரு பெருமை இருக்கிறது. "குறைவாகச் சாப்பிட்டேன்" என்பதில் இல்லை. அதனாலேயே முதலாவது சீக்கிரம் ஒப்புக்கொள்ளப்படுகிறது.

தூக்கத்தைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. எல்லாருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை. ஸ்டான்ஃபோர்டில் 11 கூடைப்பந்து வீரர்களைச் சில வாரங்கள் இரவில் 10 மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னபோது, அவர்களின் விரைவோட்ட நேரம் 16.2 நொடியிலிருந்து 15.5-க்கு இறங்கியது என்று 2011-இல் வெளியிட்டார்கள். சின்ன ஆய்வு, ஒப்பிட வேறு குழு கிடையாது. ஆனாலும் அந்தத் திசை சரி. இரவு 11:30-க்குப் படுத்து, 4:30-க்கு அலாரம் வைத்து ஓடப் போகிறவருக்கு அசதியின் காரணத்தை லேபில் தேட வேண்டாம். மாலை 6 மணிக்கு ஜிம் வாசலில் குடிக்கும் கஃபீன் கலவையில் பாதி, 11 மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். எட்டு மணி நேரம் தூங்கியும் கண் சொக்குகிறவர், குறிப்பாகக் கழுத்து பருத்த, எடை தூக்குகிற ஆண், குறட்டை விடுகிறாரா, நடுவில் மூச்சு நிற்கிறதா என்று வீட்டில் கேட்க வேண்டும்.

ரிப்போர்ட் பொய் சொல்லும் இடங்கள்

பி12, தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல். இவற்றைப் பார்க்கத்தான் வேண்டும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறவர்களும் பி12-ஐக் கட்டாயம் பார்க்க வேண்டும். அசதியோடு பாதம் மரத்துப்போனால் உடனே. வைட்டமின் டி பலருக்குக் குறைவாக இருக்கும், போட்டுக்கொள்ளலாம். ஆனால் அசதிக்கெல்லாம் அதுவே காரணம் என்று தேடலை அங்கே நிறுத்திவிடுவது இன்று ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது.

உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கென்றே சில தனிக் குழப்பங்கள் உண்டு. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை எடுக்கிறவர்களின் தைராய்டு பரிசோதனை சில கருவிகளில் தப்பாக வரும். டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்து, தைராய்டு அதிகம் சுரப்பதுபோலத் தோன்றும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-இல் இதற்கு எச்சரிக்கையே விட்டது. அதேபோல், கால் பயிற்சி முடித்து இரண்டு நாளில் ரத்தம் கொடுத்தால் எஸ்.ஜி.ஓ.டி. எகிறியிருக்கும். அந்த நொதி கல்லீரலில் மட்டுமல்ல, தசையிலும் இருக்கிறது. பழக்கமில்லாத எடையைத் தூக்கினால் ஒரு வாரம்வரை உயர்ந்தே இருக்கலாம். தசை அதிகமுள்ளவர்களுக்கும் கிரியேட்டின் பவுடர் எடுக்கிறவர்களுக்கும் கிரியேட்டினின் கூடுதலாகக் காட்டும். சிறுநீரகம் பழுது என்று பயந்துபோய் வந்தவர்கள் உண்டு. ரத்தம் கொடுக்கும்போது என்ன பயிற்சி செய்தோம், என்ன பவுடர் குடிக்கிறோம் என்பதைச் சொல்லிவிட்டால் இந்த அலைச்சல் மிச்சம்.

ஓய்வெடுக்க வேண்டிய அசதி

வைரஸ் தொற்றுக்குப் பின் வரும் அசதி வேறு ரகம். 2008 தொடக்கத்தில் ரோஜர் ஃபெடரரை எப்ஸ்டீன்-பார் வைரஸால் வரும் சுரப்பிக் காய்ச்சல் பிடித்தது. தேறி வந்து அதே ஆண்டு யு.எஸ். ஓப்பன் வென்றார். 2011-இல் ராபின் சோடர்லிங்குக்கும் அதே காய்ச்சல். ஃபிரெஞ்சு ஓப்பனில் ரஃபேல் நடாலை முதன்முதலில் தோற்கடித்தவர் அவர். காய்ச்சல் வந்தபோது அவருக்கு வயது 26. அதற்குப் பின் ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆட முடியாமல் 2015-இல் ஓய்வை அறிவித்தார். ஒரே நோய், இரண்டு முடிவுகள்.

டெங்கு, சிக்குன்குன்யா, கோவிட் என்று நம் பக்கமும் இதற்குப் பஞ்சமில்லை. காய்ச்சல் விட்டுச் சில வாரம் அசதி இருப்பது இயல்பு. ஆனால் ஒரு அடையாளத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும்: சாதாரண வேலை அல்லது லேசான ஓட்டம் முடிந்து, அன்றைக்கு ஒன்றும் தெரியாமல், மறுநாளோ அதற்கு மறுநாளோ ஆளே விழுந்துவிடுவது. நாட்பட்ட சோர்வு நோயிலும் நீள் கோவிட்டிலும் இது வருகிறது. தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு, சரியாகிவிடும் என்ற அறிவுரை இவர்களுக்குத் தீங்காக முடியும். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2021 அக்டோபரில், நாட்பட்ட சோர்வு நோய்க்கு அதுவரை பரிந்துரைத்துவந்த படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சிச் சிகிச்சையை விலக்கிக்கொண்டது. உழைத்தே பழகியவர்களுக்கு இது கசப்பான மருந்து. அவர்களுடைய ஒரே ஆயுதம், இன்னும் கொஞ்சம் முயற்சி என்பதுதான்.

மனச்சோர்வும் உடல் அசதியாகவே வரும். "மனசுல ஒண்ணும் இல்ல, உடம்புதான்" என்று சொல்கிறவரிடம், முன்பு ரசித்த ஓட்டத்தை இப்போதும் ரசிக்க முடிகிறதா என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும். இதைக் கடைசியில் ஒதுக்கிவைக்கும் கழிவுக் கூடையாகவும் ஆக்கக்கூடாது. வேறெதுவும் கிடைக்கவில்லை என்பது மனநோய்க்கு ஆதாரமில்லை. அதற்கும் தனி அறிகுறிகள் உண்டு, தேடித்தான் சொல்ல வேண்டும்.

காரணம் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. குறைவாகச் சாப்பிடுகிறவருக்கு இரும்பும் குறைவாகவே போகும்; இரும்பு குறைந்தவருக்குக் கால்கள் துறுதுறுத்துத் தூக்கம் கெடும்; தூக்கம் கெட்டவர் கஃபீனைக் கூட்டுவார். முதலில் கிடைத்த காரணத்தோடு தேடலை நிறுத்திவிட்டால் மற்ற இரண்டும் அப்படியே இருக்கும். மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொன்றுக்கும் சில வாரம் கொடுக்க வேண்டும். ஒரே நாளில் இரும்பு, பி12, புரோட்டீன் பவுடர், புது மெத்தை என்று எல்லாம் தொடங்கினால், தேறினாலும் எதனால் என்று தெரியாது.

ஷோகிரன் என்று தெரிந்த பிறகு வீனஸ் தன் உணவையும் பயிற்சியையும் ஓய்வையும் மாற்றியமைத்துக்கொண்டு திரும்பி வந்தார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கையோடு இரட்டையர் தங்கம். 2017-இல், 37 வயதில், விம்பிள்டன் இறுதி ஆட்டம்.

நீங்கள் டாக்டரிடம் போவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: படுத்த நேரம், எழுந்த நேரம், படுக்கையை விட்டு எழும்முன் நாடித் துடிப்பு, என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு ஓடினீர்கள், எந்த மணிக்கு அசந்தீர்கள், எடுத்துக்கொள்ளும் மாத்திரையும் பவுடரும், பெண்களானால் மாதவிடாய்த் தேதிகள். எப்போதிலிருந்து இப்படி, அந்தச் சமயத்தில் வாழ்க்கையில் என்ன மாறியது என்று ஒரு வரி. எந்த ஸ்கேனைவிடவும் அந்த நோட்டு அவருக்கு உதவும். ஆனால் ஓடும்போது நெஞ்சில் அழுத்தமோ, மயக்கமோ, தாறுமாறான படபடப்போ, புதிதாக வந்த மூச்சிரைப்போ இருந்தால், அல்லது மலம் கறுத்துப் போனால், நோட்டை ஓரமாக வைத்துவிட்டு அன்றைக்கே போங்கள். காரணமில்லாமல் எடை இறங்கினாலோ மாலைதோறும் காய்ச்சல் அடித்தாலோ இரண்டு வாரம் காத்திருக்காமல் அந்த வாரத்துக்குள் போய்விடுங்கள்.